பட்டியலில் இல்லாதது

கட்டில் ஒன்று, மின்விசிறி ஒன்று,
அலமாரி, சாவி இரண்டு என்று
மேடம் சியோ எழுதிக் கையொப்பம் வாங்கிய தாளில்
சன்னலோரத்துக் கலாத்தியா இல்லை.
"மரிசெல் விட்டுப் போனது.
வேண்டாமென்றால் குப்பைக் குழாயில் போட்டுவிடு."

குழாயின் வாய்க்குள் நுழையாத அகலத்தில்
ஓர் இலை இருந்தது.
அதனால் பிழைத்தது,
என் இரக்கத்தால் அல்ல.

மார்சிலிங், பதினான்காம் மாடி.
எனக்கு இரவு வேலை.
சில்லுத் தொழிற்சாலையில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்,
தூசியே இல்லாத அறைக்குள் பன்னிரண்டு மணிநேரம்.
காலை ஒன்பதுக்குத் திரும்பும்போது
நகக்கண்ணில் கொஞ்சம் மண் வேண்டும்போல இருக்கும்.

மாலை ஏழுக்கு அது இலைகளை மேலே தூக்கிக்கொள்ளும்.
கும்பிடுகிறது என்பார்கள்.
கிளம்புகிற அவசரத்தில் எனக்கு
குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிப்
பேருந்துக்கு நிற்கிறவரைப் போலத்தான் தெரியும்.
நான் வந்து படுக்கையில் அது விரிந்திருக்கும்.

முதல் சண்டை திரைக்காக.
எனக்கு இருட்டு வேண்டும், அதற்கு வெளிச்சம்,
அதிலும் நேர்வெயில் ஆகாது.
ஒரு சாண் திறந்துவைத்தேன்.
என் கண்மேல் கைக்குட்டை.

அடுத்தது ஏசி.
பகலில் போட்டால் மாதம் முப்பது வெள்ளி கூடுதல்.
கொடுத்தேன்.
மூன்றாம் வாரம் விளிம்புகள் பழுத்துச் சுருண்டன,
தணலில் காட்டிய அப்பளம்போல.
வளைவு கெடாமல் கத்தரித்தேன்.
குழாய்த் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளாதாம்,
மழைநீர் வேண்டுமாம்.
கையை நீட்டினால் மழை எட்டும் உயரம்தான்,
சன்னல் கம்பி விடவில்லை.

பிறகுதான் கண்ணில் பட்டது
குளியலறைத் தரையில் முடியும் ஏசியின் வடிகுழாய்.
சொட்டு.
சொட்டு.
ஓர் உறக்கத்துக்கு அரை வாளி.
அறைக்காற்றிலிருந்து, அதாவது இலையிடமிருந்து,
கொஞ்சம் என் மூச்சிலிருந்தும் பிடுங்கிய ஈரம்.
அதைப் பிடித்து அதற்கே ஊற்றுகிறேன்,
சம்பளத்தில் பிடித்ததை
போனஸ் என்று நீட்டுகிற நிறுவனம்போல.

டெங்கிச் சோதனைக்கு ஒருவர் வந்தார்.
என் நள்ளிரவு, காலை பதினொன்று.
கழுத்து அட்டையில் ஹஃபீஸ்.
தொட்டித்தட்டில் கைவிளக்கு அடித்தார்,
வாளியில் அடித்தார்,
குழலில் ஒரு மிடறு உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
ஒன்றும் நெளியவில்லை.
"தினமும் கவிழ்த்து வையுங்கள்."
காலணி மாட்டும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே:
"இந்தச் செடி என் வீட்டில் மூன்று முறை செத்தது."

செப்டம்பர் புகைமூட்டத்தில் சன்னலைச் சாத்தினேன்.
அப்படியும் இலைமேல் படிந்தது.
ஈரத்துணியால் துடைத்தேன்,
வேலையிடத்துப் பழக்கம்:
காம்பிலிருந்து நுனிக்கு, ஒரே திசையில், ஒரே முறை.
துணி சாம்பல் நிறமானது.
அங்கே என்றால் இதற்கு ஓர் அறிக்கை எழுதவேண்டும்.

விடுப்பு நாளின் இரவில்
உடம்புக்கு உறங்கத் தெரியவில்லை.
நீரிணைக்கு அப்பால் ஜொகூரின் விளக்குகள்.
இங்கே, எழுந்து நிற்கும் இலைகளின் பின்புறம்
முழுக்கக் கருஞ்சிவப்பு.
எட்டு மாதமாக நான் நின்று பார்த்திராத பக்கம்.
நடுவில் புதிதாக ஒன்று,
பேனா மூடியளவு சுருள்,
இன்னும் எந்தப் பக்கமும் இல்லாதது.

ஏழு மணிக்கு முதல் இலை இறங்கத் தொடங்கியது.
இறங்குவது தெரியவில்லை,
இறங்கியிருந்தது தெரிந்தது.

இரவு முழுக்க ஏசி போடவில்லை.
வாளி காலி.
விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டேன். உலர்ந்திருந்தது.
குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன்.
குடித்தது.